உயரத்தில் கட்டிய தூளி

கண்ணை மூடாதீங்க அக்கா. மூடினால் மறுபடி மயக்கத்துக்குள் போய்விடுவீங்க. என்னைப் பாருங்க. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் இந்தச் சுவரையாவது பாருங்க. சுவரில் பார்க்கிறதுக்கு ஒன்றும் இல்லைதான். இருந்தாலும் பாருங்க.

பயப்படாதீங்க. கை கால் எல்லாம் பத்திரமாக இருக்கு. அசையாது, அவ்வளவுதான். முதலில் கண் வரும். அப்புறம் விரல் வரும். நாக்கு கடைசியாகத்தான் வரும். எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் இந்த வரிசைதான். உங்களுக்குக் கண் வந்தாச்சு. நாக்கு வருகிற வரைக்கும் நான் பேசிக்கொண்டே இருக்கணும். இந்தக் கப்பலில் அதுதான் என் வேலை. மயங்கிக் கிடக்கிறவங்க காதில் ஒரு மனுஷக் குரல் விழுந்துகொண்டே இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிடுவாங்களாம். அதற்கு மருந்தும் இருக்கிறதாம். மருந்தைவிட என் சோறு மலிவு என்று என்னை வைத்திருக்காங்க.

என் பேர் பேச்சியம்மாள். பேச்சி என்பாங்க. இந்தக் கப்பலில் அதற்குச் சிரிக்காத ஆள் கிடையாது. பேர் பேச்சி, வேலை பேசுகிற வேலை, ஆனால் நாலு பேர் நின்றால் எனக்கு வாய் திறக்காது. சமையல்கட்டில் உப்பு கேட்கக்கூடப் பிள்ளையோட அப்பாவைத்தான் அனுப்புவேன். "ஏட்டி, ஒனக்கு எவன்ட்டி இந்த வேலையக் குடுத்தான்?" என்று எஸ்தர் மேடம் கேட்பாங்க. அவங்கதானே கொடுத்தாங்க! பிடித்துக்கொண்டு வருகிற ஆட்களைப் பார்த்துக்கொள்கிற மேலாள் அவங்கதான். பதில் பேச முடியாதவங்ககிட்டே என்றால் இவள் பேசுவாள் என்று அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. உண்மைதான். உங்ககிட்டே பேசுகிற மாதிரி நான் என்னைப் பெத்தவகிட்டேகூடப் பேசினதில்லை.

கொட்டாவி விடுகிறேன் என்று தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு எப்பவும் இப்படித்தான். உடம்பெல்லாம் ஈயத்தை ஊற்றின மாதிரி ஒரு அசதி. பிள்ளை பெத்ததிலிருந்து நான் முழுசாகத் தூங்கினதே இல்லை. உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது அக்கா, நிஜமாகச் சொல்றேன். வாயைப் பிளந்துகொண்டு அப்படி ஒரு தூக்கம். யாராவது எனக்கும் மயக்கப்புகை போடக் கூடாதா என்று இருந்தது.

சரி, முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். இதோ, என் மடியைப் பாருங்க. ரெண்டு பேர் இருக்காங்க. வலது பக்கம் என் மகள் இசக்கி. இடது பக்கம் உங்க பையன்.

ஆ, பாருங்க, கண் எப்படி விரியுது! அப்படியே வச்சிருங்க. பையனுக்கு ஒன்றும் இல்லை. நல்லாத் தூங்குகிறான்.

அவன் உங்க பையன்தான் என்று எனக்குத் தெரியும். உங்க ஜாக்கெட்டு ரெண்டு பக்கமும் நனைஞ்சு கிடந்ததே, அதைப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் தெரியும். ஆனால் எனக்குத் தெரிஞ்சால் போதாது. இழுவைக் கப்பல் ஒன்று உங்க ஆட்களை முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்துகொண்டிருக்கு. தாயும் பிள்ளையும் என்றால் எஸ்தர் மேடம் ரெண்டு பேர் கையிலும் ஒரே நிறத்தில் கயிறு கட்டுவாங்க. ஒரே நிறக் கயிறு இருந்தால் ஒரே அறை. கயிறு இல்லாத பிள்ளை தனியாகப் பிள்ளைகள் விடுதிக்குப் போகும். அங்கே போன பிள்ளையை எப்போது திருப்பிக் கொடுப்பாங்க என்று எனக்குத் தெரியாது. கொடுத்து நான் பார்த்ததில்லை.

கயிறு கட்டணும் என்றால் பெத்தவள் தன் வாயால் பிள்ளையின் பேரைச் சொல்லணும். தாய்மார் அறையில் சோறு கூடுதல் என்று யாரோ சிலர் அடுத்தவள் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்லிவிட்டாங்களாம். அதிலிருந்து இந்தச் சட்டம். தலையாட்டினால் செல்லாது. நான் கெஞ்சிப் பார்த்தேன். கெஞ்சினேன் என்றால், மேடம் பக்கத்தில் போய் நின்றேன். "என்னட்டி?" என்றாங்க. "அந்த அக்கா…" என்றேன். "வாயால சொல்லட்டும்" என்று போயிட்டாங்க.

அதனால்தான் சொல்றேன், கண்ணை மூடாதீங்க. உங்களுக்கு வரவேண்டியது ஒரே ஒரு பேர். அது வந்துவிட்டால் போதும்.

என்ன அக்கா, மூக்கை மூக்கைச் சுளிக்கிறீங்க? என் மேலே வாடை அடிக்குதோ? அடிக்கத்தான் செய்யும். குளிச்சு நாளாச்சு. இந்தச் சேலையைத் துவைச்சு எத்தனை மாசம் என்று எனக்கே தெரியாது. உதறிக் கட்டிக்கொள்கிறதுதான். தண்ணிக்குத்தானே அக்கா இவ்வளவு சண்டையும். நீங்க சூரியனுக்குத் தூரத்தில் இருக்கிற வெளிவட்டத்துக்காரங்க, பனிப்பாறையெல்லாம் உங்க பக்கம். நாங்க சூரியனை ஒட்டின உள்வட்டம், எங்க பக்கம் வெறும் வெயில். நீங்க தர மாட்டேன் என்றீங்க, நாங்க எடுத்துக்கொள்கிறோம். பெரியவங்க பேசிக்கொள்கிறது எனக்கு இவ்வளவுதான் புரிஞ்சது.

ஆனால் ஒன்று. நாங்க யாரையும் கொல்கிறது இல்லை. எங்க தலைவர் அதில் கறாரானவர். குண்டு போட்டால் கப்பல் உடையும், பனிக்கட்டி சிதறிப் போகும், சாவு விழும், யாருக்கு லாபம் என்பார். மயக்கப்புகை என்றால் கப்பலும் முழுசு, சரக்கும் முழுசு, ஆளும் முழுசு. பாவம் ஒட்டாத சண்டை என்பார். காகிதத்தில் அந்தப் புகைக்கு ஏதோ நீளமான பேர் இருக்கு. இங்கே எல்லாரும் சாம்பிராணி என்பாங்க. பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டிக் கூடையைக் கவிழ்த்துப் புகை காட்டுவோமே, அந்த மாதிரிதான். "இன்னைக்கு அந்தக் கப்பலுக்குச் சாம்பிராணி" என்றால் எல்லாரும் மாஸ்க்கைத் தேடுவாங்க.

எப்படிப் போடுவாங்க என்று கேட்கிறீங்களா? கேட்கவில்லை, நானாகச் சொல்றேன். எங்க கப்பல் சின்னது. உங்க கப்பலின் வயிற்றில் வந்து அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு துளை போடுவாங்க. முதலில் உங்க காற்றாடிகளை நிறுத்துவாங்க. காற்று ஓடினால் புகை கலைஞ்சு போகுமே. காற்றாடி நின்றதும் பம்ப்பைத் திறப்பாங்க. திறக்கிறவர் பிள்ளையோட அப்பாதான். பம்ப்காரர் துரைப்பாண்டி என்றால் இந்தப் பக்கத்தில் தனி மரியாதை. புகை கனமானது அக்கா. மேலே ஏறாது. தண்ணி மாதிரித் தரையில் ஓடும், கதவிடுக்கில் நுழையும், முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று நிறையும். கொஞ்சம் மூக்கில் ஏறினதும் நிற்கிறவங்க தலை சுற்றி உட்காருவாங்க. உட்கார்ந்தால் முடிஞ்சது.

அப்புறம் காற்றாடியைத் திரும்ப ஓடவிட்டுப் புகையை இறக்கிவிட்டுத்தான் நாங்க உள்ளே போவோம். கணுக்கால் அளவுக்குக் கொஞ்சம் நிற்கும். ஆம்பளைங்களுக்கு ரப்பர் கோட்டு, ரப்பர் பூட்ஸ் எல்லாம் உண்டு. எனக்கு மாஸ்க் மட்டும். என் அளவுக்குக் கோட்டு இல்லையாம். "ஒனக்கு எதுக்குட்டி கோட்டு? நீ என்ன சண்டையா போடப் போறே? கெடக்கவங்கள ஒருக்களிச்சுப் போடணும், வாயத் தொடைக்கணும், அம்புட்டுத்தானே. சேலையோடயே போயிட்டு வாட்டி" என்று மேடம் சொல்லிட்டாங்க. நானும் போயிட்டேன். முதல் நாள் மட்டும் ஒரு வாசனை வந்தது. அழுகின பலாச்சுளை மாதிரி. அப்புறம் பழகிவிட்டது. இப்போ எனக்கு எதுவும் தெரிகிறதில்லை.

அக்கா! அக்கா, கண் சொருகுதே! முழிங்க. இருங்க, இன்னும் கிட்டே வந்து காதோடு பேசுகிறேன். கேட்குதா? பேச்சி பேசுறேன். அக்கா! என்ன இது, கிட்டே வந்தால் இன்னும் சொருகுது.

இருங்க, தண்ணி கொண்டுவருகிறேன். உதட்டை நனைக்கலாம். அதற்குள் உறங்கிடாதீங்க.

…

பரவாயில்லையே, நல்லா முழிச்சுக்கொண்டுதான் இருக்கீங்க! நான் போய் வருகிறதுக்குள் முகமே தெளிஞ்சிருக்கு. இந்தாங்க, ரெண்டு சொட்டு. என் பங்கில் இருந்துதான். ரெண்டு பேரையும் கையில் தூக்கிக்கொண்டே போய் வந்தேன், ஒருத்தராவது அசையணுமே. ம்ஹூம்.

இப்படித்தான் எல்லாரும் என்னைக் கேலி பண்ணுவாங்க. மற்ற பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் மயங்கினவங்க சட்டென்று எழுந்திரிக்காங்களாம். நான் உட்கார்ந்தால் மட்டும் நேரமாகுதாம். "பேச்சி பேச ஆரம்பிச்சா முழிச்சிருக்கவனும் தூங்கிருவான்வே" என்று சமையல்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். என் பேச்சில் சுவாரசியம் இல்லையாம். நான் அதிகம் படிக்கவில்லை அக்கா. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். சுவாரசியத்துக்கு நான் எங்கே போக?

என்ன, விரல் அசையுதா? அட, ஆமாம்! என் சேலையைப் பிடிக்கிறீங்க. கொசுவத்தை இழுக்கிறீங்க. பிடிச்சிருக்கா இந்தச் சேலை? கல்யாணத்துக்கு எடுத்தது. நல்ல பருத்தி. இப்போதுதான் நிறமெல்லாம் போய்விட்டது. விடுங்க அக்கா, அவிழ்ந்திடும். ஆம்பளைங்க நடமாடுகிற இடம்.

இந்தச் சேலைக்கு ஒரு மகிமை இருக்கு. சொல்றேன், கேளுங்க.

இசக்கி இந்தக் கப்பலில்தான் பிறந்தாள். பிறந்த அன்றைக்கு ஆரம்பிச்ச அழுகை. என்ன குறை என்றே தெரியாது. பால் கொடுத்தாலும் அழுவாள், கொடுக்காவிட்டாலும் அழுவாள். எங்க அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் வெறும் தகரம். அந்தப் பக்கம் வேலை முடிஞ்சு வந்து படுத்திருக்கிறவங்க தகரத்தைத் தட்டுவாங்க. உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சரக்கு அறையில் போய், பனிக்கட்டிப் பெட்டிகளுக்கு நடுவில் நடப்பேன். நடப்பேன், நடப்பேன், நின்றுகொண்டே தூங்குவேன். பிள்ளையோட அப்பா ஒருநாள் சொன்னார், "ஊரையே தூங்கவைக்கேன், இந்தச் சுண்டைக்காயத் தூங்கவைக்க முடியலையே" என்று. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னார். நான்தான் அழுதேன்.

அப்போதுதான் கவனிச்சேன். கப்பல் பிடிக்கிற அன்றைக்கு மட்டும் இசக்கி தூங்குகிறாள். நான் வேலை முடிஞ்சு வந்து, மாஸ்க்கைக் கழற்றி, அவளை வாரி எடுத்து முந்தானைக்குள் வச்சுப் பால் கொடுத்தால் பாதியிலேயே தூங்கிவிடுவாள். பால் கடைவாயில் வழியும். பொழுது முழுக்க அசைய மாட்டாள். காலில் கிள்ளினாலும் தெரியாது. ஆத்தாளைக் காணாமல் ஏங்கி ஏங்கி, கண்டதும் நிம்மதியாகத் தூங்குகிறாள் போல என்று நினைச்சேன். அப்புறம் மற்ற நாளிலும் இந்தச் சேலையில் சுற்றினால் தூங்குவாள் என்று தெரிஞ்சது. வேறு துணியில் தூங்க மாட்டாள். இதில்தான் தாய் வாசனை இருக்கு போல. பெரியவங்க சொல்வாங்களே.

இவள் தூங்கினால் நானும் கட்டையைச் சாய்ப்பேன். அதனால் சண்டை எப்போது முடியும் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அடுத்த கப்பல் எப்போது வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். தப்பாச் சொல்லவில்லை அக்கா. உங்களுக்கும் பிள்ளை இருக்கு, உங்களுக்குப் புரியும்.

ஏன் தலையை இப்படி ஆட்டுறீங்க? கழுத்து வந்திடுச்சு, நல்லது. ஆனால் அலட்டிக்காதீங்க. வாந்தி வரும்.

உங்க பையன் கதையைச் சொல்லவில்லையே. உங்க அறைக் கதவைத் திறக்கவே முடியலை. உள்பக்கம் கீழே, இடுக்கு முழுக்கத் துணியைச் சுருட்டித் திணிச்சிருந்தது. உங்க பக்கம் குளிர் ஜாஸ்தி என்பாங்க, அதனாலோ என்னமோ. எங்க ஆட்கள் நெம்பித் திறந்தாங்க. நீங்க கதவோரமாகக் குப்புற விழுந்து கிடந்தீங்க, கையில் இன்னொரு துணியோட. உங்களை நான்தான் ஒருக்களிச்சுப் போட்டேன். அப்போது தலைக்கு மேலே ஒரு சத்தம். ங்ஙா என்று.

நிமிர்ந்து பார்த்தால், தூளி! கூரைக் குழாயில், கூரையோடு ஒட்டினாற்போல. தொங்கவே விடாமல் சுருட்டிச் சுருட்டி மேலே ஏற்றிக் கட்டியிருந்தது. எனக்குக் கை எட்டலை. உங்க தகரப் பெட்டியை இழுத்துப் போட்டு ஏறி நின்றுதான் எடுத்தேன். இவ்வளவு உயரத்தில் யாராவது தூளி கட்டுவாங்களா அக்கா? எப்படி ஆட்டுவீங்க? பால் கொடுக்க எப்படி எடுப்பீங்க? உங்க வட்டத்து வழக்கமோ என்னமோ. முடிச்சும் நான் பார்க்காத முடிச்சு. ஆட்ட ஆட்ட இறுகும் போல. அவிழ்க்கிறதுக்குள் நகம் பிய்ஞ்சிடுச்சு. தூளிச் சேலை நல்ல சேலை, வீணாகப் போகக் கூடாது என்று மடிச்சு உங்க பெட்டிக்குள் வச்சு மூடிக் கொண்டுவந்திருக்கேன். இதோ இருக்கு பெட்டி.

உள்ளே இவன் முழிச்சுக்கொண்டு கிடக்கிறான்! கப்பல் முழுக்கத் தூக்கம், இவன் ஒருத்தன் மட்டும் காலை உதைச்சுக்கொண்டு. எங்க ஆட்கள் பயந்துட்டாங்க. "சாம்பிராணிக்கே அடங்காத பயலா இருக்கானே" என்று ஒருத்தர் பின்னால் போனார். என்னைப் பார்த்ததும் வீறிட்டான். மாஸ்க்கோடு இருக்கேன் இல்லையா, பூச்சாண்டி என்று நினைச்சிருப்பான். முந்தானையில் சுற்றி நெஞ்சோடு அணைச்சேன். உங்க கப்பலைத் தாண்டி இங்கே வருகிறதுக்குள் அழுகை நின்று, கண் மூடி, தூங்கிட்டான்.

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? பெத்த பிள்ளையையே தூங்கவைக்கத் தெரியாதவள் என்று பேர் வாங்கினவள் நான். பசிச்சிருப்பான் என்று பாலும் கொடுத்தேன். கோபப்படாதீங்க. சரியாகக் குடிக்கலை. ஒழுகிடுச்சு.

அக்கா, அழுறீங்களா? என்ன இது. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? கையை விடுங்க, சேலையை இந்த இழு இழுக்கிறீங்களே. உதடு அசையுது! நாக்கு வருது, வருது! மேடமும் வர்றாங்க, கையில் கயிறோடு. நல்ல நேரம். சொல்லுங்க அக்கா. பேர் மட்டும் சொல்லுங்க. அவசரப்படாதீங்க.

மேடம், இந்த அக்காவுக்கு வாய் வந்திடுச்சு. கொஞ்சம் நில்லுங்க.

சொல்லுங்க.

சேலையா? சேலை என்றா சொல்றீங்க? அது இல்லை அக்கா, பேர். பையன் பேர். சேலையை விடுங்க. புகையா? என் சேலையில் புகையா?

…

புகை எல்லாம் எப்போதோ இறக்கியாச்சு அக்கா. சேலையில் எப்படி… மேடம், என்ன சொல்றாங்க இவங்க? சேலையில் புகை இருக்குமா?

மேடம், நீங்க சொல்லுங்க.

"புகையத் துணி குடிக்கும்ட்டி. அதுக்குத்தானே ரப்பர் கோட்டு."

யாருக்குத் தெரியும் அது? எனக்கு யார் சொன்னாங்க?

இசக்கி. ஏ இசக்கி. இசக்கிம்மா, எழுந்திரு. கிள்ளினாலும் தெரிய மாட்டேங்குது மேடம். எப்போதும் கிள்ளினால் தெரியாது. நான்தான் நிம்மதியான தூக்கம் என்று… பிடிங்க மேடம், பிடிங்க, கயிறைக் கீழே போட்டுவிட்டு ரெண்டு பேரையும் பிடிங்க! உயரத் தூக்கிப் பிடிங்க!

யார் நின்றால் எனக்கென்ன, பார்த்தால் பார்க்கட்டும். இந்தச் சனியன் பிடிச்ச சேலையை அவிழ்த்து எறிஞ்சால் போதும். அந்தப் பெட்டியைத் திறங்க யாராவது. தூளிச் சேலையை இங்கே போடுங்க. அதில் புகை இல்லை, அது மேலே இருந்தது. அது கூரையோடு மேலே இருந்தது. அய்யோ அக்கா. அதற்குத்தான் அவ்வளவு உயரத்தில் கட்டினீங்களா? கதவிடுக்கில் துணி திணிச்சது குளிருக்கு இல்லையா? நீங்க மேலே ஏற்றி வச்ச பிள்ளையை நான் பெட்டி போட்டு ஏறி இறக்கி, என் முந்தானையில…

காற்றாடியை இந்தப் பக்கம் திருப்புங்க! யாரிடம் சொல்றேன், திருப்புங்கவே!

ஆமாம், நான்தான் கத்துறேன். பேச்சிதான் கத்துறேன்.

அக்கா, கேளுங்க. குரல்தான் மேலே கொண்டுவரும். இவ்வளவு நேரம் நான் உங்களுக்குப் பேசினதும் அதற்குத்தான். இதோ பையனை உங்க நெஞ்சில் போடுறேன். கூப்பிடுங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. மேடத்துக்காக இல்லை, கயிறு கிடக்கட்டும், அவனுக்காகக் கூப்பிடுங்க. குழறினாலும் பரவாயில்லை. அவனுக்கு உங்க குரல் தெரியும்.

மாசானமா?

எங்க மாமனார் பேர் அக்கா அது. எங்க குலசாமி பேர். கூப்பிடுங்க, விடாதீங்க. மாசானம். மாசானம். காலைத் தேய்ச்சுவிடுங்க மேடம். ஏலே மாசானம், உங்க ஆத்தா கூப்பிடுறாங்க, எழுந்திருலே.

உதடு சுழிக்கிறான். சுழிக்கிறான் அக்கா! அழு, அழு… அழுதுட்டான்! கேட்டீங்களா, என்ன தொண்டை! தகரத்தைத் தட்டச் சொல்லுங்க இப்போ, யார் தட்டுறாங்க என்று நான் பார்க்கிறேன்.

இசக்கி. இசக்கிம்மா. கண்ணைத் திற.

திறக்க மாட்டேங்கிறாள். இவன் இன்றைக்கு ஒருநாள்தான். இவள் எத்தனை நாளாக… மூச்சு இருக்கு. மூச்சு இருக்கு மேடம், ஆனால் மேலே வர மாட்டேங்கிறாள். என் குரல் அவளுக்குத் தூங்கவைக்கிற குரல் அக்கா. பிறந்ததிலிருந்து "தூங்கு, தூங்கு" என்று கெஞ்சிக்கொண்டே இருந்த குரல். எனக்கு எழுப்பத் தெரியலை. நீங்க கூப்பிடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். உங்க குரல் அவளுக்குப் புதுசு. நான் உங்களுக்குச் செய்ததை மனசில் வைக்காதீங்க, பிள்ளையை மட்டும் பாருங்க. இசக்கி என்று கூப்பிடுங்க.

ஆமாம். அப்படித்தான். இசக்கி. இன்னும் சத்தமா. கப்பலே கேட்கட்டும்.

விரல். மேடம், விரலைப் பாருங்க. மடக்குறாள்.

கூப்பிடுங்க அக்கா, நிறுத்தாதீங்க.

…

அழு. அழுடி என் தங்கம். இன்னும் நல்லா அழு. நான் தூங்கவில்லை, தூங்கச் சொல்லவும் மாட்டேன். அழுதுகொண்டே இரு.

…

என்ன மேடம்? ரெண்டு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களே, எந்தப் பிள்ளைக்குக் கயிறு என்று கேட்கிறீங்களா? பையனுக்குத்தான். பச்சைக் கயிறா? நல்லது. அக்கா கையில் மெதுவாகக் கட்டுங்க. இப்போதுதான் அசையுது. என்ன, எனக்குக் குளிக்கத் தண்ணியா? ஒரு குடமா? சரி. அப்புறம் வாங்கிக்கொள்கிறேன். கோட்டைப் பற்றியும் அப்புறம் பேசுவோம். பேசுவேன்.

இழுவைக் கப்பல் வந்து ஒட்டுகிற சத்தம் கேட்குது அக்கா. இன்னும் கொஞ்ச நேரத்தில் கூட்டிக்கொண்டு போயிடுவாங்க. உங்க தூளிச் சேலையை நான் கட்டிக்கொண்டு நிற்கிறேன், கேட்கவும் இல்லை. திருப்பித் தரச் சொன்னால் எதைக் கட்டிக்கொள்வேன் என்று தெரியலை. நீங்களும் கேட்கலை.

பிள்ளையோட அப்பா பம்ப்பைத் துடைச்சு வைக்கிறார். நாளைக்கோ மறுநாளோ அடுத்த கப்பல். எங்க அறையில் தூளி முழங்கால் உயரத்தில் தொங்குது, இந்தப் பக்கம் புகை கசிஞ்சால் முதலில் நிறைகிற உயரம். இன்றைக்கு வரைக்கும் நான் அதைப் பற்றி ஒன்றும் நினைச்சதில்லை.

விரல் நல்லா வருதா? அப்போ இந்தச் சேலைத் தலைப்பைப் பிடிங்க. போகிறதுக்கு முன்னால் அந்த முடிச்சை மட்டும் ஒருதடவை போட்டுக் காட்டிவிட்டுப் போங்க அக்கா.